கல் சுமந்தவர் யார்?

அரக்கி ஒருத்தி இருந்தாளாம். பெயர் சன்சூனா. அவரைக் கொட்டையும் தேனுமன்றி வேறெதுவும் உண்ணமாட்டாளாம். சாமானியன் ஒருவனுக்குப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைத் தோளிலே தொங்கவிட்டபடி, மலை மலையாகப் பாறைகளைச் சுமந்து வந்து கோயில் கட்டினாளாம். மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் மால்ட்டாத் தீவுக் கூட்டத்திலே, கோசோ என்னும் சிறு தீவிலே, பாட்டிமார் பேரப்பிள்ளைகட்குச் சொல்லிவந்த கதை இது. கோயிலின் பெயரே ‘ஜிகன்டீயா’. அரக்கர்க்கு உரியது என்பது அதன் பொருள்.

கதை சுவையாகத்தான் இருக்கிறது. அந்தக் கோயிலின் முன்னே போய் நின்றபோது, இப்படியொரு கதை பிறந்ததிலே வியப்பில்லை என்றும் தோன்றிற்று. 5 மீட்டருக்கு மேல் நீண்ட பாறைகள். 50 டன்னுக்கு மேல் எடையுள்ள பாறைகள்! கட்டியது ஏறத்தாழ கி.மு. 3600 அளவிலே. எகிப்தின் பெரிய பிரமிடு எழுவதற்கு அப்போது இன்னும் ஆயிரம் ஆண்டு இருந்தது. இரும்பு இல்லை, செம்பும் இல்லை. கல்லைக் கொண்டு கல்லைச் செதுக்கினர். சிசிலித் தீவிலிருந்து படகேறி வந்து இந்த மண்ணைத் திருத்திய உழவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

உழவன் கட்டினான் என்று சொல்ல ஊராருக்கு நா எழவில்லை. அரக்கி கட்டினாள் என்றனர்! பெரிய காரியம் ஒன்றைக் கண்டால், அதைச் செய்தவன் நம்மைப் போன்ற மனிதனாக இருக்க முடியாது என்று எண்ணும் பழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதன்று. தேவன் செய்தான், பூதம் செய்தது, ஓரிரவிலே எழுந்தது! நம் நாட்டுக் கோபுரங்களைப் பற்றியும் இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? கதையிலே அரக்கி பெருமை பெறுகிறாள். கல் சுமந்தவனின் தோள் காணாமற் போகிறது.

அந்தத் தோளைத் தேடுவதே மால்ட்டாவிலே நான் தங்கியிருந்த பத்து நாளும் என் வேலையாயிற்று.

தீவுக் கூட்டம் முழுதும் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். சிசிலிக்குத் தெற்கே, ஆப்பிரிக்கக் கரைக்கு வடக்கே, கடல் வாணிகமும் கடற்போரும் குறுக்கும் நெடுக்கும் நடந்த பாதையிலே கிடப்பதால், அதை விட்டுவைத்த அரசு இல்லை. பினீசியர், ரோமர், அராபியர், நார்மானியர், ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தனர், வரி வாங்கினர், மதில் எழுப்பினர். பயணிகளுக்கு இன்று காட்டப்படுவன பெரும்பாலும் இவர்கள் விட்டுச் சென்ற மதிலும் மாளிகையும் மாதா கோயிலுமே. காணவேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று, இதைச் சுமந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கல் பேசத் தொடங்குகிறது!

தார்ஷீன் என்றோர் ஊர். அங்கே உழவர் ஏர் ஓட்டும்போதெல்லாம் கொழுவிலே பெருங்கல் இடறிக்கொண்டே இருந்தது. அந்த இடறல்தான் 1914ல் அறிஞர்களின் செவிக்கு எட்டிற்று. தோண்டினர், கோயில்கள் வெளிப்பட்டன. தேவியோ தாயோ, பருத்த தொடையும் மடிப்புப் பாவாடையுமாக ஒரு பெரிய உருவத்தின் கீழ்ப்பாதி கிடைத்தது. அதைவிட என் கண்ணைக் கவர்ந்தவை, பந்து போலச் செதுக்கிய கல்லுருண்டைகள். பாறைகளை இவற்றின் மேலே வைத்து உருட்டி இழுத்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவரைக் கொட்டை தின்ற அரக்கி எங்கே, பாறைக்கு அடியிலே உருண்டைக் கல்லைச் செருகிய மூளை எங்கே!

தெற்குக் கடற்கரையிலே, இம்னைட்ரா என்னும் இடத்துக் கோயிலிலே, பகலும் இரவும் சமமாகும் நாளன்று எழும் ஞாயிற்றின் ஒளி வாயிலின் நடுவே புகுந்து நேரே உள்ளே செல்கிறது. கோடையிலும் குளிரிலும் ஞாயிறு திரும்பும் நாட்களிலோ, அதே ஒளி வாயிலின் இருபுறக் கற்களின் ஓரத்தைத் தொடுகிறது. எத்தனை ஆண்டு, எத்தனை விடியல், யாரோ ஒருவன் கண்ணிமைக்காமல் பார்த்துக் குறித்துவைத்தானோ! அதை வணக்கம் என்று கொள்பவர் கொள்க. எனக்கு அது கணக்காகவே தெரிந்தது. மழையும் உப்புக்காற்றும் அரிக்காதிருக்க 2009 முதல் பெரிய கூடாரத் துணியால் இந்தக் கோயிலுக்கு நிழல் அமைத்திருக்கின்றனர். கல்லைக் காக்கத் துணி! பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் செய்தது சரியே.

தலைநகர் வாலெட்டாவுக்கு வருவோம். அதைக் கட்டியவர் யோவான் சபை வீரர்கள். ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களில் பிறந்து, கையில் வாளும் மார்பில் சிலுவையும் தாங்கியவர்கள். ரோட்ஸ் தீவைத் துருக்கியரிடம் இழந்து அலைந்துகொண்டிருந்த அவர்களுக்கு, பேரரசன் ஐந்தாம் சார்லஸ் 1530ல் மால்ட்டாவைத் தூக்கிக் கொடுத்தான். வாடகை என்ன தெரியுமா? ஆண்டுக்கு ஓர் இராசாளிப் பறவை! தீவிலே குடியிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ஆட்டு மந்தையை விற்பவன் ஆடுகளைக் கேட்பதுண்டோ?

1565ல் துருக்கியப் பெரும்படை முற்றுகையிட்டது. மே மாதம் தொடங்கிய போர் செப்டம்பரில் ஓய்ந்தது, வீரர்கள் வென்றனர். வெற்றியின் நினைவாக, தலைவர் லவாலெட் 1566 மார்ச் 28ஆம் நாள் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயரே நகருக்கும் ஆயிற்று. அழகிய நகரம்! கோடு கிழித்தாற்போல் நேரான தெருக்கள். எந்தத் தெருவின் முனையிலும் கடல். தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லிலே மாலை வெயில் படும் வேளை, பகைவனும் நின்று பார்ப்பான். ஆனால் மதில்களுக்கு அகழி வெட்டியதிலே, கல் பெயர்த்ததிலே அடிமைகளின் வியர்வை கலந்திருக்கிறது. வழிகாட்டி ஏட்டிலே ஒரு வரியாக அது வருகிறது. அடுத்த வரியிலேயே பிரபுக்களின் வீரம் தொடர்கிறது.

புனித யோவான் பேராலயத்துள் நுழைந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை போல் எளிய சுவர். உள்ளே அடி வைத்தால் கண் கூசுகிறது. சுவரெல்லாம் பொன், மேல் வளைவெல்லாம் ஓவியம், தரையெல்லாம் வண்ணப் பளிங்குக் கல்லறைகள், ஏறத்தாழ 400. வறுமை விரதம் பூண்டவர்களாம் இந்த வீரர்கள்! விரதம் யார் சார்பில் எடுத்ததோ, வறுமை யார் வீட்டில் தங்கியதோ!

அங்கே, அரகோன் பிரிவினருக்குரிய சிறுகோயிலிலே, நிக்கொலாஸ் கோட்டோனர் என்ற தலைவரின் நினைவுச் சின்னம் உண்டு. அதனெதிரே நெடுநேரம் நின்றேன். மேலே வெண்கலத்திலே தலைவரின் உருவம். சுற்றிலும் வாள், கேடயம், பீரங்கி, கொடி. இவ்வளவையும் தாங்குவது யார்? கீழே குனிந்து கிடக்கும் இரு அடிமைகள்! ஒருவன் ஆப்பிரிக்கன், மற்றவன் ஆசியன். இரு கண்டங்களையும் வென்ற பெருமையைக் காட்டுகிறதாம் இந்தச் சிலை. சிற்பி தொமெனிகோ குயிதி நல்ல கைவினைஞன். வலியால் முறுகும் முதுகை, நிமிர்ந்து பார்க்கும் கண்ணை, பொய்யின்றிச் செதுக்கிவிட்டான். பயணிகள் தலைவரின் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போகின்றனர். எனக்கோ, அந்தப் பேராலயம் முழுவதற்கும் உண்மை சொல்லும் கல் இது ஒன்றே எனத் தோன்றிற்று. கேளாமலே விடை சொல்லிற்று: சுமந்தவர் இவர்!

கடலிலே பிடிபட்ட முஸ்லிம்கள் துடுப்புக் கப்பலிலே சங்கிலியால் பிணைக்கப்பட்டனர். கரையிலே சந்தையில் விற்கப்பட்டனர். எதிர்க்கரையிலும் கிறிஸ்தவர்களுக்கு இதே கதிதான். இரு மதத்தாரும் இந்த ஒரு தொழிலிலே சளைத்தவர்களல்லர். 1749ல் மால்ட்டாவின் அடிமைகள் கிளர்ந்தெழத் திட்டமிட்டனர். சபைத் தலைவர் பின்டோவைக் கொன்று தீவைக் கைப்பற்றுவது நோக்கம். காப்பிக் கடையிலே மூண்ட ஒரு சச்சரவால் செய்தி வெளிப்பட்டது. சித்திரவதை, தூக்கு, கொலை! அவர்களுக்குப் பளிங்குக் கல்லறை கிடையாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே பேராலயத்தை ஒட்டிய மண்டபத்திலே கரவாஜ்ஜோ 1608ல் தீட்டிய ஓவியம் தொங்குகிறது. யோவானின் தலை கொய்யப்படும் காட்சி. நடுவே வெட்டப்பட்டவன், சிறைக் கம்பிகளுக்கு அப்பாலிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்கும் இரு கைதிகள், கொட்டிய இரத்தத்திலேயே ஓவியனின் கையொப்பம். ஒளி வட்டமோ, தேவதைகளோ, பூமாரியோ கிடையாது. ஒரு கொலை, அவ்வளவே! அந்த ஆண்டு ஜூலையிலே அவனைச் சபை வீரனாக ஏற்றுக்கொண்டவர்கள், பிறகு ஒரு கைகலப்புக்காகச் சிறையிட்டனர், தப்பி ஓடினான், டிசம்பரிலே, அவன் தீட்டிய இதே ஓவியத்தின் முன்னே கூடி, ‘அழுகிய உறுப்பு’ என்று அவனை விலக்கினர். விலக்கப்பட்டவன் வரைந்ததைப் பார்க்கவே இன்று உலகம் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறது.

துறைமுகத்துக்கு மறுகரையிலே பிர்கு. அங்கே மதவிசாரணை அதிகாரியின் மாளிகை அப்படியே இருக்கிறது. 1574 முதல் 1798 வரை, வேறு விதமாக நினைத்தவனை, வேறு ஏட்டைப் படித்தவனை, மந்திரம் மாயம் செய்தாள் என்று அயலாள் காட்டிக்கொடுத்த கிழவியை நிறுத்தி விசாரித்த இடம். விசாரணைக் கூடத்துக்குள் குற்றவாளி வரும் வாயில் குள்ளமானது; குனிந்தே நுழையவேண்டும், தலை வணங்கித் தீரவேண்டும் என்பதற்காக, என்று வழிகாட்டிகள் சொல்கின்றனர். இங்கே பதவி வகித்தவர்களில் இருவர் பின்னாளில் போப் ஆயினர்! சிறை அறைச் சுவரிலே கைதிகள் கீறிய கப்பல்களும் சிலுவைகளும் பெயர்களும் இருக்கின்றன. அதிகாரிகளின் குலச் சின்னங்களை விரைந்து கடந்து, சுவர்க் கீறல்களிடம் நிற்பவர்க்கே இந்த மாளிகை பயன்படும். 1798 ஜூனிலே நெப்போலியன் வந்து தங்கியது ஆறே நாள். மதவிசாரணையை ஒழித்தான், அடிமை முறையை ஒழித்தான், பிரபுப் பட்டங்களை ஒழித்தான். பிறகு, அவன் விட்டுச் சென்ற படை ஆலயச் செல்வத்தை அள்ளத் தொடங்கவே, செப்டம்பரிலே தீவு கொதித்தெழுந்தது. விடுதலையைத் தந்த கையே கொள்ளையும் அடித்தால் அந்த விடுதலை எத்தனை நாள் நிலைக்கும்? ஆங்கிலேயர் துணைக்கு வந்தனர். வந்தவர் 1964 வரை ஆண்டனர்!

மோஸ்டா என்னும் ஊரின் வட்டக் கோபுர ஆலயத்தைப் பாராமல் எந்தப் பயணியும் திரும்புவதில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மாலை, 250க்கு மேற்பட்டோர் உள்ளே கூடியிருந்தபோது, விமானத்திலிருந்து விழுந்த குண்டு கோபுரத்தைத் துளைத்து உள்ளே உருண்டது, வெடிக்கவில்லை. அற்புதம் என்றனர். அதே போன்ற குண்டு ஒன்றை இன்றும் அங்கே வைத்துக் காட்டுகின்றனர். பிழைத்தவர்கள் பிழைத்ததிலே எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் போரிலே இந்தத் தீவின் குடிமக்கள் ஏறத்தாழ 1500 பேர் குண்டுக்கு இரையாயினர். அவர்களும் செபமாலை வைத்திருந்தவர்கள்தானே? வெடிக்காத ஒரு குண்டு விண்ணின் கருணை என்றால், வெடித்த ஆயிரக்கணக்கான குண்டுகளை யார் கணக்கில் எழுதுவது? மக்களைக் காத்தது, மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு அவர்களே பாறைக்கடியில் குடைந்த பதுங்கு குழிகள். மோஸ்டா ஆலயம் எழுந்ததும் அத்தகைய கைகளால்தான். ஊர் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் கூலியின்றி உழைத்துக் கட்டியது அது. அந்த உழைப்புக்கு எதிரே என் தலை தானே தாழ்ந்தது.

அற்புதம் காணத்தான் வேண்டுமென்றால், மால்ட்டாவிலே உண்மையான அற்புதம் ஒன்று உண்டு; அதைப் பற்றிக் கேட்டால் உள்ளூரார் பலர் விழிக்கின்றனர். மால்ட்டாக் காய்ச்சல் என்றொரு நோய்; மாதக்கணக்கில் விட்டு விட்டு வாட்டும். டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் 1887ல் அதன் கிருமியைக் கண்டறிந்தார். கிருமி உடலுக்குள் எவ்வாறு புகுகிறது? காற்றா, நீரா, கொசுவா? பதினெட்டு ஆண்டு தெரியவில்லை. 1905ல் டெமி சம்மிட் என்ற மால்ட்டா மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். நோயின் சுவடே இல்லாத, கொழுகொழுவென்ற ஆடுகள்! அவற்றின் இரத்தத்திலே நோயின் அடையாளம் இருந்தது. தெருத் தெருவாக ஓட்டிவந்து, வாசலிலேயே கறந்து கொடுக்கும் பாலிலே கிருமி இருந்தது! ஆட்டுப்பாலைப் படையினர்க்கு நிறுத்தினர். அவர்களிடையே நோய் மளமளவென்று குறைந்தது. குண்டு வெடிக்காத இடத்துக்குக் கூட்டம் போகிறது; ஆட்டுக்கு ஊசி குத்திப் பார்த்தவனை எண்ண ஆளில்லை. தார்ஷீன் கோயிலைத் தோண்டி உலகுக்குக் காட்டியவரும் இதே சம்மிட்தான். நோயின் வேரையும் வரலாற்றின் வேரையும் தேடிய ஒரே கண்!

கல்லைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தத் தீவிலே கல்லினும் உறுதியானது ஒன்று உண்டு. அதற்கு நுழைவுச் சீட்டு இல்லை. பேருந்திலே, மீன் சந்தையிலே, தேநீர்க் கடையிலே காதால் காணவேண்டியது: மால்ட்டா மொழி.

வணக்கம் சொல்லும்போது ‘போன்ஜு’ என்கின்றனர், ஐரோப்பிய வாடை. ரொட்டி கேட்டால் ‘ஹோப்ஸ்’. அச்சு அசல் அரபு. 870ல் தீவைப் பிடித்த அராபியரோடு வேர்விட்டு, சிசிலிச் சொற்களால் கிளைவிட்டு, இலத்தீன் எழுத்திலே எழுதப்படும் மொழி. இதிலே ஒரு விந்தை கேளுங்கள். பல நூற்றாண்டாக முஸ்லிம்களோடு வாள் ஓங்கிப் போரிட்ட, ஊருக்கு ஊர் மாதா கோயில் எழுப்பிய இந்தக் கத்தோலிக்க மக்கள், தம் கடவுளை எப்படி அழைக்கின்றனர்? ‘அல்லா’! ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்துக்கு அவர்கள் இட்ட பெயர்? ‘ரன்டான்’. ரமலானின் உறவுச் சொல்! எந்தப் பெயரைச் சொன்னவனை வெட்டினரோ, அந்தப் பெயரையே சொல்லி வெட்டினர்! மதம் போட்ட வேலியை மொழி கண்டுகொள்ளவே இல்லை.

இந்த மொழியை ஆண்டவர்கள் மதிக்கவில்லை. சமையற்கட்டின் மொழி, ஆடு மேய்ப்பவன் மொழி என்றனர். வழக்குமன்றத்திலே இத்தாலியம், உயர் கல்வியிலே இத்தாலியம். கூண்டிலே நிற்பவனுக்குத் தன்மீது சாட்டிய குற்றம் இன்னதென்றே புரியாது. தீர்ப்பு மட்டும் புரியும், கையில் விலங்கு விழும்போது! நம் வாசகர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

சேப்பூஜ் என்ற ஊரிலே, எளிய குடும்பத்திலே 1764ல் பிறந்த மிக்கியேல் அன்டொன் வசாலி, மால்ட்டா மொழிக்கு இலக்கணம் எழுதினார். 1796ல் அகராதி வெளியிட்டார். அதை எந்தப் பிரபுவின் காலடியிலும் வைக்காமல், மால்ட்டா மக்களினத்தை விளித்தே முன்னுரை எழுதினார்: மக்களுக்குப் பள்ளி வேண்டும், தாய்மொழியிலே கல்வி வேண்டும் என்று. மக்களினமா? அப்படியொன்று இருப்பதாகவே அன்றைய ஆட்சி ஒப்பவில்லை! சபையை எதிர்த்துச் சதி செய்தாரென்று சிறை வைத்தனர். ஆங்கிலேயர் வந்ததும் நாடு கடத்தினர். இருபதாண்டு அந்நிய மண்ணிலே கழித்து, 1820ல் முதியவராகத் திரும்பினார். 1825ல் பல்கலைக்கழகத்திலே மால்ட்டா மொழியின் முதல் பேராசிரியரானார். விவிலியத்தின் சுவிசேஷங்களை மக்கள் மொழியிலே பெயர்த்தார், அதுவும் புராட்டஸ்டண்ட் சங்கத்துக்காக! திருச்சபை முகம் சுளித்தது. 1829ல் இறந்தபோது கத்தோலிக்க இடுகாட்டிலே அவருக்கு இடமில்லை.

வாலெட்டாவின் வாயிலுக்கு வெளியே, பிளோரியானாவிலே, எம்சீடா கொத்தளத்தின் மேல் ஆங்கிலேயரின் பழைய புராட்டஸ்டண்ட் இடுகாடு இருக்கிறது. இப்போது அது பூந்தோட்டம். கீழே துறைமுகம், பாய்மரப் படகுகள். ஆங்கிலத் தளபதிகளுக்கும் கப்பல் தலைவர்களுக்கும் நடுவே அவர் கிடக்கிறார். தன் மக்களுக்கு மொழியைத் தந்தவனுக்கு, தன் மண்ணிலே அந்நியரின் இடுகாடு!

1934ல் மால்ட்டா மொழி ஆட்சிமொழியாயிற்று, ஆங்கிலத்தோடு சேர்ந்து. 1936ல் இத்தாலியம் விலக்கப்பட்டது. ஆங்கிலேயரின் மொழிப்பற்று இது என்று யாரும் மயங்க வேண்டாம். இத்தாலியிலே முசோலினி கொக்கரித்த காலம் அது, இத்தாலியத்தை ஒழிக்க அவர்களுக்கு உள்நோக்கம் இருந்தது. ஆனால் அந்தக் கதவு திறந்தபோது உள்ளே நுழைய மொழி ஆயத்தமாக இருந்ததே, அது எழுத்தாளர்கள் செய்த வேலை. 1920ல் சங்கம் கூட்டி, எழுத்தும் இலக்கணமும் வரையறுத்துக் காத்திருந்தனர். 2004ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளிலே அதுவும் ஒன்றாயிற்று. ஆடு மேய்ப்பவன் மொழியிலே இன்று அந்த ஒன்றியத்தின் சட்டங்கள் அச்சாகின்றன.

கடைசியாகப் பாவ்லா. வாலெட்டாவுக்குத் தெற்கே உள்ள இந்தச் சிற்றூரிலே காணவேண்டியவை இரண்டு. ஒன்றைக் காண உலகமே வருகிறது. மற்றதைக் காண்போர் அரியர்.

1902ல் வீடு கட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டி வெட்டியவர்கள், கடப்பாரை பாறையைத் துளைத்து உள்ளே இறங்கக் கண்டனர். முதலில் மூடி மறைத்தனர். வேலை நின்றுவிடுமே என்ற அச்சம்! அதுவே ஹல் சஃப்லியேனி பாதாளக் கோயில். மூன்று அடுக்கு, பத்து மீட்டருக்கும் மேல் ஆழம், ஐயாயிரம் ஆண்டுக்கு முன், மான்கொம்பும் கல் உளியும் கொண்டு குடைந்த கூடங்கள். மேல் விதானத்திலே செங்காவியால் தீட்டிய சுருள்கள் இன்னும் மங்கவில்லை. மூச்சுக் காற்றிலே ஓவியம் கெடுமென்று ஒரு மணிக்கு 10 பேர் அளவே உள்ளே விடுகின்றனர். இங்கும் ஆராய்ச்சி நடத்தியவர்களிலே சம்மிட் ஒருவர். ஏறத்தாழ 7000 பேரின் எலும்புகள் கிடைத்ததாக மதிப்பிட்டனர். கலந்து கிடந்த எலும்புகள்! பலநூறு ஆண்டாக, இறந்தவரை எல்லாம் முன் இறந்தவரோடு சேர்த்தனர். உறங்கும் பெண்ணின் களிமண் பொம்மை ஒன்று, உள்ளங்கையில் அடங்குவது, அங்கே கிடைத்தது. வாலெட்டா அருங்காட்சியகத்தில் அதைக் கண்டிருந்தேன். ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்து, அமைதியாக உறங்குகிறாள். சாவை அந்த மக்கள் அப்படி நினைத்தார்களோ என்னவோ!

படியேறி வெளியே வந்து, நடந்தே அடோலொராத்தா இடுகாட்டுக்குச் சென்றேன். 1869ல் திறந்த பெரிய இடுகாடு. குன்றின் மேலே ஊசிக் கோபுரச் சிற்றாலயம், அடுக்கடுக்காகப் பளிங்குத் தேவதைகள். 1919 ஜூனிலே, ரொட்டி விலை ஏறியதை எதிர்த்தும் உரிமை கேட்டும் எழுந்த கூட்டத்தை ஆங்கிலப் படை சுட்டதிலே மாண்ட 4 பேரும் இங்குதான் இருக்கின்றனர். நான் தேடிவந்தது வேறொரு மூலை. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘மிஸ்ப்லா’. குப்பைமேடு என்று பொருள்.

1961 ஏப்ரல் 8ஆம் நாள், பேராயர் கொன்சி, தொழிற்கட்சியின் செயற்குழுவினர் மீது திருச்சபைத் தடையாணை பிறப்பித்தார். அக்கட்சியின் ஏட்டைப் படிப்பது, அச்சிடுவது, விற்பது, அதிலே விளம்பரம் கொடுப்பது, எல்லாம் சாவான பாவம் என்று அறிவித்தனர்! ஏடு படிப்பது பாவம்! கட்சிக் கூட்டம் நடந்தால் ஆலய மணிகளை ஓயாமல் அடித்துப் பேச்சை அமுக்கினர். அக்கட்சியினர்க்குப் பீடத்தின் முன்னே திருமணம் இல்லை. பின்கட்டு அறையிலே முடித்துக்கொள்ள வேண்டும். அவர்களிலே பெரும்பாலோர் நாள்தோறும் செபித்துவந்த விசுவாசிகள் என்பதை மறந்துவிடாதீர்கள். தாய் வேண்டிக்கொள்ள, பிள்ளை வாக்களிக்க, வீட்டுக்குள்ளேயே பிளவு. சாகக் கிடந்த தந்தைக்கு வேண்டி, கொள்கையைக் கைவிட்ட மகன் இருந்திருப்பான், கைவிடாதவனும் இருந்திருப்பான். இருவரில் யார் உறங்கினர் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு செப்டம்பரிலே, கட்சியின் துணைத் தலைவரும் முன்னாள் அமைச்சருமான குசே எல்லுல் மெர்செர் காலமானார். அரசியல்வாதி மட்டுமல்லர், எழுத்தாளர். 1938ல் அவர் வெளியிட்ட நாவலின் நாயகன், சிற்றூரிலே பிறந்து நூல்களைப் படித்து, படித்ததனாலேயே ஊரோடு ஒட்டமுடியாமற் போன லேலி என்னும் இளைஞன். படைத்தவனுக்கும் அதே முடிவு! புனிதப்படுத்தாத நிலத்திலே, குப்பைமேட்டிலே, அவரை அடக்கம் செய்தனர்.

காவலரைக் கேட்டேன், கையால் காட்டினார். அங்கே போய் நின்றேன். என் ஊரிலே சுடுகாடு இரண்டு. சிறுவனாக இருந்தபோது, ஏன் இரண்டு என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். அந்த அடி அங்கே நினைவுக்கு வந்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு முன், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒரு கல் தொலைவிலே எல்லாரையும் ஒரே குகையிலே உறங்கவைத்திருக்கிறார்கள்!

தடையாணை 1969 ஏப்ரல் 4ஆம் நாள் நீங்கிற்று. 1971ல் அதே கட்சியை மக்கள் ஆட்சியில் அமர்த்தினர். 2011 மே மாதம், மணவிலக்கு உரிமை வேண்டுமா என்று நாட்டைக் கேட்டபோது, மேடையிலே திருச்சபை வேண்டாமென்றது. வாக்களித்தவர்களில் 100க்கு 53 பேர் வேண்டுமென்றனர். அவர்களிலே ஞாயிறுதோறும் ஆலயம் செல்வோர் எத்தனையோ பேர் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு ஆலயம் நிறைந்த நாடு அது. பழகிய பீடத்தைக் கும்பிட்டுக்கொண்டே, தன் வீட்டு வழக்கைத் தானே தீர்த்துக்கொள்ளக் கற்றுவிட்டான் மால்ட்டாக்காரன்.

வாலெட்டாவுக்குத் திரும்பியதும் புத்தகக் கடையிலே லேலியின் கதையைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். அந்த மொழியிலே ஓர் எழுத்துக்கூட எனக்குச் சரிவரப் படிக்க வராது. வாங்கி வந்திருக்கிறேன்.

செல்வோர் கவனத்துக்கு: பாவ்லாவிலே பேருந்தை விட்டு இறங்கினால் பாதாளக் கோயிலையும் இடுகாட்டையும் ஒரே பகலிலே நடந்து காணலாம். பாதாளக் கோயிலுக்கு மட்டும் பல வாரம் முன்னதாகவே சீட்டு வாங்கிவிட வேண்டும்.